டிரைவர்தான் கொலைகாரன்

எங்கள் அத்தை சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்ததே இல்லை. இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்து, அண்ணன் வீடான எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அவள் படம் பார்க்கப் போனால் உத்திரமேரூர் வரைக்கும் பேசுவார்கள் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். ஆனால் படக்கதை என்றால் உயிரை விடுவாள். நான் காஞ்சிபுரத்தில் பி.யூ.சி. சேர்ந்ததும் அவளுக்குக் கதை சொல்வது என் வேலையாயிற்று. வகுப்புக்கு மட்டம் போட்டு மேட்னி பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை, விதைக்கு வேர்க்கடலை உரிக்க வரும் நாலைந்து பெண்களோடு அத்தை உட்கார்ந்திருக்கும்போது, ஒரு காட்சி விடாமல் சொல்வேன். சண்டைக்கு வாயாலேயே சத்தம் போடுவேன். அங்கே எனக்கிருந்த மவுசு காலேஜில் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் அந்தக் கொலைப் படம் வந்தது. பெரிய பங்களா. முதலாளி மாடியறையில் செத்துக் கிடக்கிறார். தம்பி, டாக்டர், சமையற்காரி, டிரைவர், குடும்ப வக்கீல் என்று எல்லோர் மேலும் சந்தேகம். கொட்டகையில் ஒருத்தரும் முறுக்குக்குக்கூட எழுந்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் அத்தனை பேரையும் ஹாலில் கூட்டி, கொலைகாரன் இங்கேதான் இருக்கிறான் என்று சொல்லும்போது மணி ஐந்து. ஐந்தேகால் பஸ்ஸை விட்டால் எங்கள் ஊருக்கு வேறு பஸ் இல்லை. வயிற்றெரிச்சலோடு எழுந்து ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கதையை எடுத்துவிட்டேன். பாதியிலேயே அத்தை கடலையைக் கீழே போட்டுவிட்டு, "அந்த வக்கீலு தான் நைனா" என்றாள்.

"எப்படிச் சொல்ற?"

"எந்த ரூமுல பொணம் கீதுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. வந்தவன் நேரா மாடி ஏறிப் பூட்டான்னு நீதானே சொன்ன?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டரை மணி நேரம் கண்ணால் பார்த்தவன் நான். எனக்குத் தோன்றாதது, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவளுக்குத் தோன்றிவிட்டது. முடிவை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போஸ்டரிலேயே போட்டிருந்தான். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பஸ்ஸுக்கு ஓடி வந்துவிட்டேன் என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். "போ அத்தை, டிரைவர்தான் கொலைகாரன்" என்றேன். பாவம், அவனுக்குப் பரிந்து பேச அந்தப் படத்தில் ஆளே இல்லை. அவன் எப்படிக் கொன்றான், எப்படி மாட்டினான் என்று அங்கேயே கட்டிச் சொன்னேன். பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அத்தை மட்டும், "எனுக்கு இன்னா தெரியும், பட்டிக்காடு" என்று சொல்லிக் கடலையைக் கையில் எடுத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து அதே படம் திருப்புலிவனம் டூரிங் கொட்டகைக்கு வந்தது. எங்கள் தெருப் பெண்கள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மறுநாள் காலை நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே கூச்சல். வக்கீல்தான் கொன்றான் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்கிறார்கள். பார்க்காத அத்தை ஒற்றை ஆளாக நின்று இல்லை என்கிறாள்.

"எம் மருமவன் காலேஜில படிக்கிறான். அவன் ஏன் பொய் சொல்றான்? நீங்க தூங்கிக்கினு பாத்திருப்பீங்க."

"அவனையே கூப்ட்டுக் கேளேன்" என்றாள் ஒருத்தி.

கூப்பிட்டார்கள். போய் நின்றேன். அத்தை என் முகத்தைப் பார்த்த பார்வையில் ஒரு துளி சந்தேகம் இல்லை. இப்போதாவது சொல்லியிருக்கலாம். அத்தை, நீ சொன்னதுதான் சரி என்று நாலு வார்த்தை. அத்தனை பேர் முன்னால் அவள் ஜெயித்திருப்பாள். நான் கொஞ்சம் அசடு வழிந்திருப்பேன், அவ்வளவுதான்.

"டூரிங்குக்கு வர்ற காப்பில முடிவை மாத்திடுவாங்க. காஞ்சிபுரத்துல ஓடினது வேற" என்றேன்.

படித்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? பெண்கள் அடங்கிப்போனார்கள். அத்தை என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா" என்றாள். அவள் தோற்றது எனக்கு மட்டும்தான் தெரியும். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டேன். வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்றிருந்தது.

அதோடு விட்டதா என்றால் இல்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருதரம் அந்தப் படம் திரும்ப வந்துவிடும். கொலைகாரன் யாரென்று குழந்தைக்குக்கூடத் தெரியும்; ஆனாலும் கூட்டம் குறையாது. தெரிந்த பிறகு பார்ப்பதில்தான் ருசி என்பார்கள். வக்கீல் மாடிப்படியில் கால் வைக்கும்போது, "அதோ ஏர்றான் பாரு" என்று கொட்டகையே முணுமுணுக்கும். ஒருமுறை நானும் போய்க் கடைசிவரை பார்த்தேன். மாடிப்படியைக் காட்டி இன்ஸ்பெக்டர் சொன்ன காரணம், அத்தை சொன்னதேதான். சுற்றிலும் கை தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கைத்தட்டல் என் அத்தைக்குச் சேர வேண்டியது.

எனக்கு வேலை கிடைத்து, வீட்டுக்கு டி.வி. வாங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே படத்தைப் போட்டார்கள். அத்தைக்கு அப்போது அறுபது இருக்கும். அவள் அதைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் வரிசைக்காரி மாதிரி டி.வி.க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். முடிந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் மாடிப்படியைக் காட்டினார். வக்கீல் கையில் விலங்கு ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் எனக்காக ஒரு வருத்தம் இருந்தது.

"டிவிக்காரனும் மாத்திட்டான் பாரு. நீ பாத்த காப்பிய எவனுமே போட மாட்டேன்றான் நைனா."

"ஆமாம் அத்தை" என்றேன்.