மும்தாஜ் அக்காவின் அட்மின் பாஸ்வேர்டு

ஜூனியர் பசங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் ஹீரோ இல்லை. வேலைக்குச் சேர்ந்த எட்டாவது மாதம், ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் இரண்டு வரியை அழிக்காமல் விட்டேன். அதனால் ஒருத்தருக்கு வேலை போனது. போனது என் வேலை இல்லை.

1. புள்ளி புள்ளியாக வராத பாஸ்வேர்டு

எங்கள் ஆபீஸ் சிதம்பரத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில். மொத்தமே நாலு பேர். ஸ்கேன் சென்டர், லேப் போன்ற இடங்களில் ரிப்போர்ட் எல்லாம் ஒரு சர்வரில் இருக்கும். அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும் ஒரு பிளகின், அதாவது சின்ன புரோகிராம், நாங்கள் செய்து விற்றோம். ரிப்போர்ட் ரெடியானதும் நோயாளியின் வாட்ஸ்அப்புக்குத் தானாகப் போய்விடும். அதற்கு பிளகின் சர்வருக்குள் லாகின் செய்தாக வேண்டும். முறைப்படி பிளகினுக்கென்று தனி யூசர் உண்டாக்கி, ரிப்போர்ட்டைப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்க வேண்டும். அரை நாள் வேலை.

கடலூர் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஆபீஸ் ஓனர் செந்தில் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"தனி யூசரெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் மச்சான். அங்க ஆபரேட்டர் அக்காகிட்ட அட்மின் லாகின் இருக்குல்ல? அத வாங்கிப் போட்டு ஓட்டு. மத்தியானம் பண்ருட்டி போவணும்."

ஆபரேட்டர், மும்தாஜ் அக்கா. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அந்த சென்டர் திறந்த நாளிலிருந்து சர்வர் அவர் பொறுப்பு. பாஸ்வேர்டு கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாயால சொல்ல மாட்டன் தம்பி. தள்ளு, நானே அடிக்கிறன்."

நோட்பேடில் செட்டிங்ஸ் ஃபைல் திறந்திருந்தது. அடித்தார். அடித்துவிட்டு ஸ்கிரீனையே பார்த்தார்.

"என்னாபா, புள்ளி புள்ளியா வராம எழுத்தாவே தெரியுது?"

"அது அப்படித்தாங்கா. உள்ள கெடக்குற ஃபைலு. யாரு வந்து பாக்கப்போறா?"

"பாரு, உன்ன நம்பித்தான் அடிச்சேன். சென்டர் நடத்துற டாக்டருக்கே தெரியாது இது."

சிரித்துக்கொண்டே சேவ் பண்ணினேன். பிஇ கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன் நான். சரியான கேள்வி கேட்டது அவர்.

2. காப்பி, பேஸ்ட்

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம். புது இடத்தில் பிளகின் போடும்போது புதிதாக எதையும் ஆரம்பிக்க மாட்டோம். பழைய இடத்தின் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டு, பெயரை மட்டும் மாற்றுவோம். பத்து நிமிடத்தில் முடியும். கெத்தாக இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து சிதம்பரத்தில் ஒரு லேபுக்கு கடலூர் ஃபோல்டரைத்தான் போட்டேன். ஃபைலில் கடலூர் சர்வரின் அட்ரஸ் ஒரு வரி, அக்காவின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் ஒரு வரி. அழிக்கவில்லை. மாதிரிக்கு இருக்கட்டும் என்று இரண்டுக்கும் முன்னால் ஒரு # போட்டு, கீழே லேபின் விவரத்தை எழுதினேன். # போட்ட வரியை பிளகின் படிக்காது. மனுஷன் படிப்பான். அந்த ஃபைலை அந்த லேபில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பூட்டு எதுவும் வைக்கவில்லை.

3. லாக்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடலூரிலிருந்து போன். ஓடினேன். கவுண்டரில் ஒரே சத்தம். கல்யாணம் நிச்சயமான ஒரு பெண்ணின் ஸ்கேன் ரிப்போர்ட், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் போனில் எல்லாம் சுற்றியிருக்கிறது. கல்யாணம் நின்றுவிட்டது. பெண்ணின் தாய்மாமன் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தார்.

"எங்க பொண்ணு வயித்துல கட்டி இருக்கறத ஊருக்கே போஸ்டர் அடிச்சி ஒட்டிட்டீங்களேடா! எவன்டா அனுப்பினது?"

டாக்டர் என்னை உட்காரவைத்து, சர்வரில் யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று பதிவாகும் லாக்கைத் திறக்கச் சொன்னார். அந்த ரிப்போர்ட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரோ திறந்து டவுன்லோடு செய்திருக்கிறார்கள். யூசர் பெயர்: மும்தாஜ்.

"ஞாயித்துக்கெழம நான் வீட்ட விட்டே கெளம்பல சார். அல்லா மேல சத்தியமா நான் தொறக்கல," என்றார் அக்கா.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஐபி நம்பர். பார்த்ததும் தெரிந்துவிட்டது. சிதம்பரம் லேபின் நெட் கனெக்‌ஷன் அது. நான்தான் அங்கே செட் பண்ணினேன். அங்கே யாரோ என் ஃபைலைத் திறந்து, # போட்ட வரிகளைப் படித்து, அங்கிருந்தே நெட் வழியாகக் கடலூர் சர்வருக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

டாக்டர் கேட்டார், "என்னப்பா, என்னா சொல்லுது?"

"லாகின் அக்கா பேர்லதான் சார் ஆயிருக்கு."

பொய் இல்லை. அதைவிட மோசம்.

வெளியே வந்து செந்தில் அண்ணனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாய மூடிகினு பஸ் ஏறு. ரெண்டு கிளையண்டும் போயிடும், ஆபீஸையே இழுத்து மூடணும். அந்தம்மாவ ரெண்டு திட்டு திட்டி உட்ருவாரு, அவ்ளோதான்."

பஸ் ஏறினேன்.

திட்டி விடவில்லை. அன்று சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

4. ஒன்பது நாள் லேட்

ஒன்பதாம் நாள் தாங்காமல் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலைக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது நெஜம்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு ஊரு பூரா மும்தாஜ் பேருதான் போயிருக்கு. இப்ப கூப்ட்டு மறுபடி உக்கார வச்சா எவன் ஸ்கேனுக்கு வருவான்? நீ கெளம்பு. உங்க பிளகினையும் கழட்டிகினு போ."

மேல்பட்டாம்பாக்கம் போய் அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வாசலிலேயே நின்று கேட்டார். உள்ளே கூப்பிடவில்லை.

"அப்ப ஸ்கிரீன பாத்தவொடனே உனுக்குத் தெரியும்?"

"தெரியும்கா."

"நான் அல்லா மேல சத்தியம் பண்ணிகினு நிக்கிறன். என் பக்கத்துலயே உக்காந்திருந்த."

"ஆமாங்கா."

"சரி, போ."

கதவைச் சாத்தினார். சத்தமாகக்கூடச் சாத்தவில்லை.

செந்தில் அண்ணன் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. பிளகினின் கோடிங் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இப்போது நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு இடத்திலும் பிளகினுக்குத் தனி யூசர், படிக்க மட்டும் அனுமதி. பாஸ்வேர்டை என்கிரிப்ட் செய்து, யார் படித்தாலும் புரியாதபடிதான் ஃபைலில் வைப்பேன். அதைத் திறக்கிற சாவி அந்த ஃபோல்டரில் இருக்காது. ஃபைலை பிளகினைத் தவிர யாரும் திறக்க முடியாது. பழைய ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. வேண்டாத வரிக்கு # போடுவதில்லை, அழித்துவிடுவேன். ஒருவரின் சொந்த அட்மின் லாகினை யார் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். அதை வைத்து என்ன நடந்தாலும் அவர் செய்ததாகத்தான் பதிவாகும்.

இதெல்லாம் தெரிந்து என்ன. கடலூர் சர்வரில் அந்த ஞாயிற்றுக்கிழமை லாகின் அப்படியே இருக்கிறது. லாக்கை யாரும் திருத்தக் கூடாது, அது சரிதான். அக்காவின் பெயர்தான் இருக்கிறது. என் பெயர் எங்கேயும் இல்லை.