குளியலறைக் கதவுக்குக் கிடைத்த முதலிடம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் முன்னுரிமை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. வீடு கட்டும் தொழில்நுட்பத்தை மேம்படுத்த எதை முதலில் ஆராய வேண்டும், எதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், எதைத் தொடவே வேண்டாம் என்று முடிவு செய்யும் வாரியத்தில் அவர் மூத்த அதிகாரி. ஒரு செங்கல்லைக்கூட அவர் ஆராய்ந்தது கிடையாது. வரிசைப்படுத்துவார். சமைக்கத் தெரியாமல், பரிமாறவும் வராமல், விருந்தில் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று கைகாட்டிக்கொண்டே ஒருவர் திரிவாரே, அந்த ரகம்.

வாரியம் வரிசைப்படுத்தும் முறை அலாதியானது. சுவரில் பெரிய தாளைத் தொங்கவிட்டு, ஆராய்ச்சித் தலைப்புகளை எழுதிவைப்பார்கள். ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் சில சிவப்பு ஒட்டுப் பொட்டுகள். எது முக்கியமோ அதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பொட்டு அதிகம் விழுந்ததே மக்களின் அவசரத் தேவை. முதல் பொட்டை இயக்குநர் ஒட்டுவார். அதற்குப் பிறகு மற்றவர்களின் கைக்கு வழி சொல்லவா வேண்டும்? கூட்டமுள்ள கடையில்தானே கூட்டம் சேரும். ஆகவே வருடா வருடம் ‘பேசும் சுவர்’ முதலிடம் பிடிக்கும். மத்தியானத்தில் அடுப்பாகும் கூரை, ஈரம் ஏறிப் பெயரும் பூச்சு, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நாம் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு மெல்லிய சுவர் எல்லாம் தாளின் அடியில் ஒற்றைப் பொட்டுக்கு ஏங்கிக் கிடக்கும். அவற்றில் தொழில்நுட்பம் இல்லையாம். வெறும் தொல்லைதான் இருக்கிறதாம்.

முன்னுரிமை குடியிருந்ததும் வாரியத்தின் மாதிரி வீட்டில்தான். சுவர்களை ஆலையில் முழுசாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, பளுதூக்கியால் நிறுத்திய வீடு. ஒயர், குழாய், உணர்கருவி எல்லாம் சுவரின் வயிற்றுக்குள். ஆணி அடிக்கக் கூடாது. குளியலறைச் சுவர் மட்டும் லாரியின் முதுகில் அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றபோது, கதவின் அகலத்தைக் குறைத்தால் சுவரும் குறையும் என்று யோசனை சொன்னவர் நம்மவர்தான். அதற்காக ஒரு பாராட்டுப் பத்திரம்கூட வாங்கினார். மனிதரை அளந்து வீடு கட்டுவது பழைய பாணி. இவர்கள் லாரியை அளந்து கட்டினார்கள்.

இந்தக் கதவுக்குத்தான் அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்கா தனிக்கட்டை. கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, சக்கர நாற்காலியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு ஊரில் யாரிடமும் எந்தக் கோரிக்கையும் இல்லை, ஒன்றைத் தவிர. ஆஸ்பத்திரியில் யார் யாரோ துடைத்துவிட்டார்கள். இனி கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையால், தனியாக ஒரு குளியல் குளிக்க வேண்டும்.

நாற்காலி குளியலறை வாசலில் முட்டி நின்றது. நாலு விரல் அகலம் போதவில்லை.

“இன்னும் கொஞ்சம் தள்ளுடா.”

“தள்ளினா சுவர்ல கீறல் விழும்க்கா.”

“என் முட்டியில விழுந்தா பரவால்லையா?”

தம்பியின் மனைவிக்கு நியாயமான மூளை. “ஏங்க, ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு ஓரத்தை வெட்டிவிட்டா என்ன? அண்ணி பாவம், எத்தனை நாளைக்கு நாம தூக்கிக்கிட்டுப் போறது?”

“வெட்டுறதா! உள்ள ஒயர் ஓடுது. வாரியத்தோட சுவர். ஆராய்ச்சி பண்ணாம கை வைக்க முடியாது.”

“அப்ப ஆராய்ச்சி பண்ணுங்க.”

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கெட்டவராக இருப்பதற்கும் ஒரு முடிவெடுக்க வேண்டுமே. அடுத்த கூட்டத்தில், பாவம், உண்மையாகவே தாளின் அடியில் எழுதிவைத்தார்: ‘அகலமான கதவு’. தானே ஒரு பொட்டும் ஒட்டினார். இயக்குநர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“என்ன முன்னுரிமை, இதுல தொழில்நுட்பம் எங்க இருக்கு? கதவை அகலமாக்குறது தச்சு வேலைங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். முன்னுரிமையும் சிரித்தார், ஒட்டிய பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்து, பேசும் சுவருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு உட்கார்ந்தார். சுரண்டிய இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. அவர் வாழ்க்கையில் அடையாளம் என்று விட்டுவைத்தது அது ஒன்றுதான்.

வீட்டில் அக்கா கேட்டாள். “என்னடா ஆச்சு?”

“பரிசீலனையில இருக்குக்கா.”

“நானும் அங்கதான்டா இருக்கேன், வாசல்லயே.”

காலையில் அவரும் மனைவியுமாக அக்காவை இரு பக்கமும் பிடித்துத் தூக்கிக் குளியலறை முக்காலியில் உட்கார வைப்பார்கள். மனைவி துணைக்கு உள்ளே நிற்க வேண்டும். கதவைச் சாத்த இடமிருக்காது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். வாய் அப்படிப்பட்ட வாய். அந்த நேரத்தில் மட்டும் ஒரு சொல் வராது.

அந்த மௌனம் முன்னுரிமையைக் குத்தியிருக்க வேண்டும். குத்தினால் மற்றவர்கள் சுத்தியலைத் தேடுவார்கள். இவர் தலைப்பை மாற்றினார். அடுத்த கூட்டத்தில் தாளின் உச்சியில் புதிய வரி: ‘வாழிட நுழைவுத் திறப்புகளில் இயக்கத் தடையின் அறிவார்ந்த மேலாண்மை’. இயக்குநர் இரண்டு தடவை படித்தார். புரியவில்லை என்பதால் பிடித்துப்போனது.

“ஆகா! இதைத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்!”

பொட்டுகள் மழையாகப் பொழிந்தன. குளியலறைக் கதவு முதலிடம் பெற்றது. முன்னுரிமை இனிப்போடு வீட்டுக்கு ஓடிவந்தார். “அக்கா, ஜெயிச்சிட்டோம்! ஆளுங்க வர்றாங்க!”

ஆட்கள் வந்தார்கள். உளியும் சுத்தியலும் இல்லை. ஏணியும் ஒரு சின்னப் பெட்டியும் வந்தன. வாசலின் மேல் அந்தப் பெட்டியைத் திருகிவிட்டுப் போனார்கள். ஆணி அடிக்கக் கூடாத சுவரில் அதற்கு மட்டும் விதிவிலக்கு. மறுநாள் காலை நாற்காலி வாசலை நெருங்கியதும், பெட்டி ஒரு பெண்குரலில் இனிமையாகப் பேசியது: “நுழைவு தடைபட்டுள்ளது. தயவுசெய்து மீண்டும் முயலவும்.”

அக்கா பெட்டியை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“நான் மாட்டிக்கிட்டது எனக்கே தெரியும்டா. தெருவுக்குச் சொல்லவா இந்த மகராசி?”

“இல்லக்கா, இது தகவல் சேகரிக்குது. எத்தனை தடவை தடைபடுதுன்னு தெரிஞ்சாத்தானே...”

“தெரிஞ்சா?”

தம்பி திட்ட அறிக்கையைப் புரட்டினார். அதில் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருந்தது.

வாரியத்து ஆட்கள் பார்வையிட வர ஆரம்பித்தார்கள். காலணியைக் கழற்றாமல் உள்ளே வந்து, “அம்மா, இன்னொரு தடவை முட்டிக் காட்டுங்களேன்” என்று கேட்டவர்களும் உண்டு. முதல் ஆளுக்கு அக்கா முட்டிக் காட்டினாள். இரண்டாவது ஆள் கேட்டபோது ஆட்டோக்காரருக்குப் போன் போட்டாள்.

“அக்கா, கோவிச்சுக்கிட்டுப் போறியா?”

“கோவமெல்லாம் மனுஷங்க மேலதான்டா வரும். நான் குளிக்கப் போறேன்.”

ஆட்டோ அவளை ஜெராக்ஸ் கடையில் இறக்கிவிட்டது. கடைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு பழைய குளியலறை. முன்பக்கம் சுருள் கதவு. முழு ஜெராக்ஸ் மெஷினே உள்ளே போன வாசல். குளியலறைக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கம்பியில் ஒரு பிளாஸ்டிக் திரையை மாட்டச் சொன்னாள். அதற்கு எந்த வாரியமும் கூடவில்லை.

மாதிரி வீட்டில் பெட்டி வாயை மூடிக்கொண்டது. மாத இறுதியில் முன்னுரிமை பதிவுகளைப் பார்த்தார்: தடை, ஒன்றுகூட இல்லை. அவர் முகத்தில் ஒரு நிமிடம் ஏதோ ஓடியது. வெட்கமாக இருந்திருக்கலாம், ஏப்பமாகவும் இருந்திருக்கலாம். பிறகு அறிக்கை எழுதினார்: ‘கருவி பொருத்தப்பட்ட பின் நுழைவுத் தடைகள் முற்றிலும் நீங்கின.’ அடுத்து கட்டப்போகும் குடியிருப்பில் வீட்டுக்கொரு பெட்டி வைக்க வாரியம் உத்தரவிட்டது. கதவின் அகலம், லாரியை உத்தேசித்து, மாறவில்லை. அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேடயத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கல்லாவில் ஆள் இல்லை. கையில் காகிதங்களோடு ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். உள்ளே திரை இழுத்து மூடியிருந்தது. தண்ணீர் நிதானமாக, அவசரமே இல்லாமல் விழும் சத்தம். கூடவே ஏதோ ஒரு பாட்டின் முனகல்.

“அக்கா! நான்தான்! நம்ம கதவுக்குப் பரிசு கிடைச்சிருக்கு!”

தண்ணீர் நிற்கவில்லை.

“குளிச்சிக்கிட்டிருக்கேன்டா. போய் வரிசையில நில்லு.”

முன்னுரிமை கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்.