ஐயரம்மா பிடித்து வைத்த இடம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோவிலில் இடம் பிடித்தவரை நான் பார்த்திருக்கிறேன். கறுப்பு அட்டை போட்ட வேதப்புத்தகம். ஓரமெல்லாம் நைந்து, முதுகு பிய்ந்து, ஆஸ்பத்திரி பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கும். அதைப் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் தன் வலப்புறம் வைத்தாரென்றால், வரவேண்டியவள் வரும்வரை ஐயரம்மா எடுக்கமாட்டார். வாசிப்பு வந்தால் எட்டி என் புத்தகத்தைப் பார்ப்பார். எங்கள் பக்கத்தில் சர்ச் என்பதையும் கோவில் என்றுதான் சொல்வோம். போதகர் எங்களுக்கு ஐயர், அவர் மனைவி ஐயரம்மா. வெளியூர்க்காரர்கள் கேட்டுக் குழம்புவார்கள், குழம்பட்டும்.

வரவேண்டியவள் என் நாத்தனார். எண்பதுகளின் கடைசியில் நான் மருமகளாக இந்த ஊருக்கு வந்தபோது அப்படி ஒருத்தி இருப்பதையே வீட்டில் சொல்லவில்லை. என் கணவருக்குத் தம்பியாகப் பிறந்து, ஊரைவிட்டுப் போய், சேலை கட்டிய பெண்ணாகத் திரும்பி வந்தவள். திருநங்கை என்கிற நல்ல சொல் அன்று எங்கள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. எட்டிய சொற்கள் எழுதத் தகுந்தவை அல்ல. மில் வேலையில் இருந்த என் கணவர், "எனக்குத் தம்பியும் கிடையாது, தங்கச்சியும் கிடையாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை இழுத்துக்கொள்வார். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒற்றை அறை எடுத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். முதல்முறை நான் அவளைத் தேடிப்போனபோது மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "அண்ணன் இல்லைன்னா போகுது. எனக்கு மைனி உண்டுல்லா."

கைராசிக்காரி. எங்கள் சபைப் பெண்களில் பாதிப்பேர் அவளிடம்தான் அளவு கொடுத்துத் தைத்தார்கள். அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே, அவள் கோவிலுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் கோவிலில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். அவளை ஆண்கள் பக்கம் போய் உட்காரச் சொன்னார் சபைச் செயலர். அவள் போகவில்லை. பெண்கள் பக்கம் விடவில்லை. அதனால் பின்வாசலில் மணிக்கூண்டுக்குக் கீழே, கழற்றிப்போட்ட செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்வாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கோவில் இருக்கிறதே, அங்கே போனால் என்ன என்று நானே கேட்டிருக்கிறேன். "எனக்கு இங்கதான ஞானஸ்நானம் குடுத்தாவ? எங்கம்மைய இங்கதான அடக்கியிருக்கு? நான் எதுக்கு வேற கோவிலுக்குப் போகணும்?" என்பாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவளால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க முதலில் ஆண்கள் போவார்கள், பிறகு பெண்கள். அவள் எந்த வரிசையில் போவது? பாட்டுத் தொடங்கும்போதே எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் புது ஐயரும் ஐயரம்மாவும் மாற்றலாகி வந்தார்கள். ஐயரம்மாவைப் பார்த்தால் யாரும் எழுந்து நின்று கும்பிடத் தோன்றாது. காலில் நரம்பு சுருண்டு, நடக்கும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எப்போது பார்த்தாலும் இப்போதுதான் நூறு பேருக்குச் சமைத்து முடித்தவர் போல இருப்பார். பிரசங்கம் பண்ணத் தெரியாது. பெண்கள் கூட்டத்தில் பேசச் சொன்னால், "எல்லாரும் காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் வந்த இரண்டாம் வாரமே செருப்புகளுக்கு நடுவில் இருப்பவளைப் பார்த்துவிட்டார். என்னிடம் கேட்டார், சொன்னேன். ஐயரிடம் போய்ச் சண்டை பிடித்திருக்கிறார். ஐயர் நல்ல மனிதர், பயந்த மனிதர். மேலிடத்தில் கேட்க வேண்டும், கமிட்டியில் வைக்க வேண்டும் என்று நாளைக் கடத்தினார். கமிட்டியில் வைத்தபோது செயலர், "அப்படி ஆளு பொம்பளைங்க வரிசைல வந்தா என் வீட்டுப் பொம்பளைக வரமாட்டாவ" என்று எழுந்துபோனார். அதைக் கேள்விப்பட்டு ஐயரம்மா என்னிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "விருந்து வச்சது ஆண்டவரு. நாம எல்லாரும் பந்திக்கு வந்தவிய. பந்தில இருக்கவ பக்கத்து எலைக்காரியப் பாத்து நீ ஏன் வந்தன்னு கேக்கலாமாட்டி?"

அறுப்பின் பண்டிகை முடிந்து வந்த முதல் ஞாயிறு அது. என் நாத்தனாரிடம், பாட்டுத் தொடங்கினாலும் எழுந்து போகக்கூடாது என்று ஐயரம்மா முன்னமே சத்தியம் வாங்கியிருந்தார். ஆண்கள் போய்த் திரும்பினார்கள். இனிப் பெண்கள். எங்கள் சபையில் யாரும் எழுதிவைக்காத முறை ஒன்று உண்டு. பெண்கள் பக்கத்தில் முதலில் எழுவது ஐயரம்மாதான். அவர் எழுந்த பிறகே மற்றவர்கள் எழுவார்கள். அன்று ஐயரம்மா எழவில்லை. முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்து உட்கார்ந்தே இருந்தார்.

பாட்டு முடிந்தது. பாடகர் குழு வேறு வழியில்லாமல் அதையே மறுபடி தொடங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலரின் மனைவி எழப் பார்த்து, ஐயரம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எந்தச் சட்டத்தையும் மீறக்கூடிய ஊர்தான் எங்கள் ஊர், ஐயரம்மாவை முந்திக்கொண்டு பந்திக்குப் போகமாட்டோம். பீடத்தில் ஐயர் அப்பத்தட்டைப் பிடித்தபடி நின்றார். சண்டை பிடித்தாலும் வீட்டில் அவர் சொல்லை அந்த அம்மாள் தட்டியதே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ, அவர் முகத்தில் கோபம் வரவில்லை, வியர்வைதான் வந்தது. செயலர் தொண்டையைச் செருமினார். ஐயர் செயலரைப் பார்த்தார், தன் மனைவியைப் பார்த்தார், பிறகு பின்வாசலைப் பார்த்துச் சரி என்று தலையை அசைத்தார்.

ஐயரம்மா எழுந்தார். பீடத்துக்குப் போகாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோவிலின் முழு நீளமும் பின்னால் நடந்துபோய், செருப்புகளை விலக்கி, என் நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவளுக்கு முக்காடு போடக்கூட மறந்துவிட்டது. பாதி வழியில் ஐயரம்மா நின்று, அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுவிட்டு, காதோரம் சரிசெய்தார். இருவரும் முழங்காலிட்டார்கள். நான் அடுத்துப் போய் முழங்காலிட்டேன். அழாமல் இருக்க முடியவில்லை, அழுதேன். எனக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வரும் சேலைச் சத்தம் கேட்டது. வராமல் இருந்துவிட்டவர்களும் உண்டு.

அடுத்த வாரத்திலிருந்துதான் அந்த வேதப்புத்தகம் பெஞ்சில் இடம் பிடிக்கத் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிந்தினாலும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

இந்தக் கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வருஷம் திரும்புவதற்குள் ஐயரை வத்திராயிருப்புப் பக்கம் சின்ன சபைக்கு மாற்றிவிட்டார்கள். வழக்கமான மாற்றல்தான் என்றார்கள். வந்த புதியவர் முதல் ஞாயிறே என் நாத்தனாரைப் பின்னால் போகச் சொன்னார். பெண்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எழுந்து போனாள். பிறகு வரவேயில்லை.

தொண்ணூறுகள் முழுக்க ஐயரம்மா வத்திராயிருப்பிலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து அவள் அறையில் இறங்குவார். நானும் போவேன். மூவருமாக ஜெபிப்போம். ஜெபம் முடிந்ததும் ஐயரம்மா துணிக்கழிவுகளுக்கு நடுவில் வெறுந்தரையில் காலை நீட்டிப் படுத்துவிடுவார். ஒருநாள் அப்படிப் படுத்துக்கொண்டே சொன்னார்: "அலுத்துப் போச்சுட்டி. ஒவ்வொரு ஊர்லயும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வாசலு நேத்துப் பெருக்குனதுதான், இன்னைக்கும் பெருக்கணும்லா." என் நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு அவர் காலை மடியில் எடுத்துவைத்துப் பிடித்துவிட்டாள். ஐயரம்மா கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டார். அந்த நூற்றாண்டு முடியுமுன் அவர் போய்ச்சேர்ந்தார்.

இப்போது பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் என் வலப்புறம் என் வேதப்புத்தகம் இருக்கிறது. சபைக்குப் புதிதாக வந்த பெண்கள், "ஆள் வருதா ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். "வருவா" என்பேன். நாத்தனாருக்கு வயதாகிவிட்டது, முட்டு வலி. இப்போதைய ஐயர் இளைஞர், அவளைப் போய்ப் பார்த்துக் கூப்பிட்டும் விட்டார். போன வாரம் நான் போயிருந்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இனி வந்து என்ன செய்யப்போறேன் மைனி. இடத்த மட்டும் விட்டுறாத."

விடவில்லை. முதல் ஞாயிறுகளில் பெண்கள் எழும்போது நான் உடனே எழுவதில்லை. நான் ஐயரம்மா இல்லை, எனக்காக யாரும் காத்திருக்கப்போவதில்லை. வரிசை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.