அக்கா வளர்த்த நுரையீரல்

என் வலது நுரையீரலின் அடிப்பாகத்தை ஈப்போவில் வெட்டி எடுத்தார்கள். சின்ன வயதில் வந்த நிமோனியா அந்த இடத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இருமும்போது ரத்தம் வர ஆரம்பித்த பிறகு வேறு வழி இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் என் அக்காதான் காரணம்.

வார்டுக்கு வந்த டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. எங்களிடம் மலாயில் பேசினார். மிச்சமிருக்கும் நுரையீரல் மெல்ல மெல்ல 'கெம்பாங்' ஆகி, காலியான இடத்தை நிரப்பிக்கொள்ளும் என்றார். மலாயில் விரிவதும் கெம்பாங்தான், பூ மலர்வதும் கெம்பாங்தான். கட்டில் ஓரமாக நின்றிருந்த அக்கா பூவை எடுத்துக்கொண்டாள்.

"பூக்குமாம்டி. வெட்டுன எடத்துல புதுசா வருமாம்."

"அப்படிச் சொல்லலக்கா. மிச்சம் இருக்கிறது விரியும்னு சொன்னாங்க."

"ஒனக்கு மயக்க மருந்து இன்னும் எறங்கலல்ல. நான் முழிச்சிக்கிட்டுத்தான் கேட்டேன்."

நான் மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் வந்துவிட்டது. அக்கா எங்கள் பக்கத்து வீடு. எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசைக் குரல். ஆகவே ஞாயிறு ஆராதனையில் போதகர் என் 'புதிய நுரையீரலுக்காக' ஜெபித்தார். தோட்டத்தில் யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. கவாத்து வெட்டின செடி துளிர்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். எதிர்வீட்டு அம்மா பால் டின்னோடு வந்து, என் நைட்டியை உற்றுப் பார்த்து, "எந்தப் பக்கம்மா வருது?" என்று கேட்டார். நான் வலது பக்கத்தைக் காட்டினேன். "ஆமா, லேசாத் தெரியுது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எந்த உறுப்பு போனதோ அதையே சாப்பிட்டால் அது வளரும் என்பது அக்காவின் அடுத்த கண்டுபிடிப்பு. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாயிடம் போய் ஆட்டு நுரையீரல் வேண்டும் என்றாள்.

"அதெல்லாம் நாங்க சமைக்கிறதில்லையே. ஈரல் தரட்டுமா?" என்றார் பாய்.

"ஈரல் போகல பாய். நுரையீரல்தான் போயிருக்கு."

கடைசியில் அவரையே எங்கிருந்தோ வாங்கித் தர வைத்தாள். ஆட்டு நுரையீரல் சட்டியில் மூழ்காது. காற்று நிறைந்த பொருளாயிற்றே, மிதக்கும். அடுப்பில் வைத்த கொஞ்ச நேரத்தில் மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்க்கும். அக்கா கரண்டியால் அதை உள்ளே அமுக்குவாள், அது திரும்பவும் மேலே வரும். "பாத்தியா, என்னா சக்தி," என்பாள். வாயில் போட்டால் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சுக்கு மசாலா தடவியது போல இருந்தது. தேயிலை ஃபேக்டரியில் மெக்கானிக்காக இருக்கும் என் கணவருக்கு அந்த மாதத்தில் சாப்பாட்டு நேரத்தில்தான் மெஷின் கெட்டுப்போகும். பிறகு பாய் கடையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிடுகிறார் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருந்தார்கள். உள்ளே மூன்று குழலில் மூன்று பந்து. வாயில் குழாயை வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் மேலே ஏற வேண்டும். அக்கா அதை வாங்கி ஊதினாள். ஒன்றும் அசையவில்லை. "இழுக்கணும்கா," என்றேன். இழுத்தாள். ஒரு பந்து பாதி வரைக்கும் ஏறி, நடுங்கி, விழுந்தது. நான் இழுத்துக் காட்டினேன். இரண்டு ஏறின.

"ஒன் வாய்க்குப் பழகிருச்சு," என்றாள். "டப்பா சரியில்ல."

சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். சுவர் வழியாக அவள் இழுப்பதும் இருமுவதும் எனக்குக் கேட்டது. மறுநாள் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் வெந்நீரில் கழுவினேன்.

நடக்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் தேயிலைக்கு நடுவே போகும் ரோட்டில் நானும் அக்காவும் ஏறுவோம். பாதி ஏற்றத்தில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் அக்கா நின்று எதையாவது காட்டுவாள். "அந்தா பாரு, அங்க புதுசா தக்காளி போட்டிருக்கான்." அடுத்த நாள், "இந்த மேகத்தப் பாரு." எனக்காகத்தான் நிற்கிறாள் என்று எனக்கு நன்றியாக இருந்தது. பிறகு எனக்குத் தெம்பு வந்துவிட்டது. நிற்காமலே ஏற முடிந்தது. அக்கா மட்டும் நின்றுகொண்டேயிருந்தாள்.

"போலாமாக்கா?"

"இருடி, ஒனக்கு மூச்சு வாங்குது."

எனக்கு வாங்கவில்லை.

சில மாதம் கழித்து ஈப்போவுக்கு மறுபரிசோதனைக்குப் போனோம். லிஃப்டில் கூட்டம். மாடிப்படி ஏறித்தான் போனோம். டாக்டர் புது எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டினார். காலியாக இருந்த இடத்தில் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. மூச்சை அளக்கும் கருவியில் நான் ஊதிக் காட்டியதிலும் அவருக்குத் திருப்தி.

அக்கா எக்ஸ்ரேக்குக் கிட்டே போய், "புதுசா வந்தது எது?" என்று கேட்டாள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வெட்டின பாகம் அதே உருவத்தில் திரும்பி வராது. மிச்சமிருப்பது இழுபட்டு விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு என்றால் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் புதிதாகவே உண்டாகும். பெரியவர்களுக்கும், நன்றாக நடந்து மூச்சை இழுத்து விட்டால், காலப்போக்கில் கொஞ்சம் உண்டாகலாம். எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது. இந்தப் படத்தில் தெரியவும் தெரியாது.

"உண்டாகலாம்னு சொல்லிட்டாங்க," என்று அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படி ஏறி வந்து இவ்வளவு நேரமாகியும் அக்காவின் மூச்சில் சன்னமாக ஒரு விசில் கேட்டது. "காகாக், இப்படி உட்காருங்க," என்று மலாயில் அக்கா முறை சொல்லி ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார்.

"நான் கூட வந்தவ," என்றாள் அக்கா.

விடவில்லை. அவளையும் அந்தக் கருவியில் ஊதச் சொன்னார்கள். ஊதினாள். டாக்டர் இரண்டு பேருடைய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆஸ்துமா, பல வருஷமாக இருந்திருக்கும் என்றார். நுரையீரலில் ஒரு பங்கு இல்லாத தங்கச்சி, முழுசாக வைத்திருக்கும் அக்காவைவிட நன்றாக ஊதியிருந்தாள். ஒரு இன்ஹேலரைக் கொடுத்து, எப்படி இழுப்பது என்று நர்ஸ் மிசி சொல்லிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது காரை என் கணவர்தான் ஓட்டினார். மலைப்பாதையில் ரோட்டைப் பார்த்தபடியே, "அப்ப நாளைலேருந்து அந்த ஆட்டு நுரையீரல் ஒங்கக்காவுக்கா?" என்று என்னிடம் கேட்டார். நான் சிரிப்பை அடக்கியதில் தையல் போட்ட இடம் இழுத்தது.

பின் சீட்டில் அக்கா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னாள். "ஏத்தம் ஏற முடியலன்னதுலேருந்தே எனக்கும் ஒனக்கு மாதிரி வெட்டணும்னு சொல்லிருவாங்களோன்னு பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒனக்கு நல்லா வளந்துட்டா எனக்கும் வளரும்னு வச்சிக்கிட்டேன்."

நான் கையைப் பின்னால் நீட்டினேன். பிடித்துக்கொண்டாள்.

தோட்டம் பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்குத் தேநீரும் கேக்கும் விற்கும் கடையில் எனக்கு வேலை. நான் அதற்குத் திரும்பிவிட்டேன். அக்காவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. இப்போது லயத்தில் யார் மூச்சு வாங்கினாலும் அவள் விடுவதில்லை. நிறுத்தி, முதுகில் காதை வைத்துக் கேட்டு, கையோடு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறாள். போன வாரம் கூட்டிப் போனது போதகரை. படியேறி வந்ததால்தான் மூச்சு வாங்குகிறது என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். பதிவு செய்யும் இடத்தில் இருந்த மிசி அக்காவைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமலே நம்பர் சீட்டை நீட்டினார்.