மங்கோலிய அரசனும் நானும்

மத்தியானம் டிவியில் ஒரு பழைய ஹாலிவுட் சரித்திரப் படம். மங்கோலிய அரசனாக ஓர் அமெரிக்க நடிகர். ஒட்டு மீசை, குதிரை எல்லாம் சரி. வாயைத் திறந்தால் கௌபாய்.

சத்தமாகச் சிரித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினேன். சோபாவில் யாரும் இல்லை.

பால் வாங்குகிற சாக்கில், லண்டன் வெம்பிளியில் இருக்கும் ஈழத்தமிழர் கடைக்குப் போனேன். கிளம்பும்போது கல்லாவில் இருந்த அக்காவிடம், யாழ்ப்பாணத்துக்காரன் போல, "போயிட்டு வாறன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "தம்பி இந்தியாவோ? நாங்கள் 'போட்டு வாறன்' எண்டுதான் சொல்லுறது."

"ஆமாக்கா, மதுரை."

இன்று முழுக்க நான் பேசிய வசனம் இவ்வளவுதான். அந்த அரசனுக்காவது பதில் பேச ஒரு படையே இருந்தது.

அடுத்த ஞாயிறும் பழைய படம் உண்டு. யாராவது வாறீங்களா? இதிலும் தப்பிருந்தால் நேரில் வந்து திருத்துங்கள்.