மஞ்சுளாக்கா சொன்ன அர்த்தம்

எண்ணெயும் இரும்புத்தூளும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை அப்பாவின் நீலச் சட்டையில் எப்போதும் இருக்கும். எத்தனை தடவை துவைத்தாலும் போய்த் தொலைய மாட்டேன் என்கிறதே என்று அம்மா சலித்துக்கொள்வாள். நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த வாசனை எங்கள் வீட்டில் இல்லை. ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் "பிரஸ்" ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, தகட்டோடு சேர்த்து வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டிருந்தன.

விரல் போனதைவிட அவரை அரித்தது வேறு. அன்றைக்கு அவருக்கு மதிய ஷிப்ட். கூட வேலை பார்த்தவருக்குப் பேரிகை என்ற ஊரில் ஒரு கல்யாணம் என்று, முந்தின நாள்தான் காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். "நேத்து மட்டும் மாட்டேன்னு சொல்லியிருந்தா" என்று சுவரைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டிருப்பார். வாரங்கள் போன பிறகும் அவருக்கு அது "நேத்து"தான். லேசான வேலை தருகிறோம் என்று கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பியும் அசையவில்லை. அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, முழுப் பரீட்சை முடிந்ததும் எனக்கு டிசி வாங்கிக்கொண்டு சொந்த ஊரான கோவில்பட்டிக்கே போய்விடலாம் என்று முடிவு செய்தாள். பள்ளிக்கூடம் மாறுவதுகூட எனக்குப் பெரிதாக இல்லை. அங்கே போனால் அப்பா ஆயுசுக்கும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்துவிடுவார் என்றுதான் பயந்தேன்.

எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு மஞ்சுளாக்காவுடையது. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், காய்கறிச் சந்தையில் தெலுங்கு என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். எதையும் தனக்குத் தெரியாது என்று அவர் சொன்ன சரித்திரமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணா இப்படியே இருந்தால் ஆகாது என்று தன் சிடி பிளேயரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காலத்தில் முன்னும் பின்னும் போகிற ஓர் இயந்திரத்தைப் பற்றி வெள்ளைக்காரர் ஒருவர் எந்தக் காலத்திலோ எழுதிய கதையாம், அதைப் படமாக எடுத்திருக்கிறார்களாம். பாகலூர் ரோட்டுக் கடைக்காரர் தமிழ் என்று சத்தியம் செய்து கொடுத்த சிடி, போட்டுப் பார்த்தால் தெலுங்கு பேசியது. அதனால் என்ன, நான் அர்த்தம் சொல்கிறேன் என்று அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அடேயப்பா! இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. பித்தளையும் கண்ணாடியுமாக, ராஜா உட்காரும் நாற்காலி மாதிரி ஓர் இயந்திரம். அவன் ஏறி உட்கார்ந்து பிடியைத் தள்ளுகிறான். அவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான், உலகம்தான் ஓடுகிறது. சன்னலுக்கு வெளியே ஒரு மரம் துளிர்த்து, பூத்து, மொட்டையாகி, மறுபடியும் துளிர்க்கிறது. எதிர்வீடு இடிந்து புல் முளைத்து, அதன்மேல் வேறொரு வீடு எழும்புகிறது. எனக்குத் தெரிந்த இயந்திரமெல்லாம் மனிதனின் தூக்கத்தைக் கேட்கும், விரலைக் கேட்கும். போன நாளைத் திருப்பித் தருகிற இயந்திரமும் உண்டா என்று வாயைப் பிளந்துகொண்டு, மூச்சு விடவும் மறந்து உட்கார்ந்திருந்தேன்.

"கார்டே போடாம ஓட்டுதான் பாரு," என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அப்பா சுவரிலிருந்து திரும்பியிருந்தார். கை மாட்டாமல் இருக்க இயந்திரத்துக்குப் போடுகிற மறைப்பைத்தான் கம்பெனியில் "கார்டு" என்பார்கள். அது இல்லாததை அவர் கண் முதலில் பிடித்துவிட்டது. ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் வேறு பேச்சு அது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

கடைசியில் அவன் எந்த யுகத்திலோ, இடிந்துபோன ஒரு நகரத்தில் தனியாக நின்றுகொண்டு "நின்னே வெதுகுதுன்னா" என்று கத்தினான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நின்னெங்கறான் பாரு, நேத்துன்னு அர்த்தம். நேத்தைத் தேடிட்டு அலையறான், பாவம்."

அவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவனுக்கே நேற்று கிடைக்கவில்லையா? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். படம் ஓடிக்கொண்டிருக்க, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை முகச்சவரம் செய்து, இடது கையால் ஒவ்வொரு பொத்தானாகத் தடவிப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கிளம்பினார். டிசி பேச்சு அதோடு ஒழிந்தது.

நேற்றைத் தேடாதே என்று அந்தப் படம்தான் அப்பாவை எழுப்பியது என்று வெகுகாலம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள், அறைத்தோழியான தெலுங்குப் பெண் என்னைப் பார்த்து "நின்னே பிலுஸ்துன்னா" என்றாள். நேற்றை எதற்குக் கூப்பிடுகிறாய் என்று கேட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தெலுங்கில் "நின்னே" என்றால் "உன்னைத்தான்" என்று அர்த்தமாம், கன்னடத்தில்தான் அது நேற்றாம். கன்னடத்து நேற்றைக் கொண்டுபோய்த் தெலுங்குக்காரன் வாயில் போட்டிருக்கிறார் எங்கள் அக்கா!

இப்போது அந்த லைன் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. சிடிக் கடை போய் செல்போன் கடை வந்து, அதுவும் போய்விட்டது. மஞ்சுளாக்கா மகனோடு ஆனேக்கல் பக்கம் போனவர்தான், அப்புறம் தகவல் இல்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் அப்பாவிடம் இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தெரியும்ளா. தெலுங்கு சூப்பர்வைசர்ட்ட எத்தன வருசம் ஏச்சு வாங்கியிருப்பேன். ஒன்னயத்தான் தேடுதேன்னு அவன் கத்துதான், இங்க நீ ஏங் கையப் புடிச்சுட்டு அழுதுட்டு இருக்க. அந்த ஒரு மாசமும் நீ பக்கத்துலதான் இருந்திருக்க. நாந்தான் பாக்கல."