இரவல் விம்மல்

அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஓசூரிலிருந்து திரும்பும் பேருந்தில் ஒரு புதுப் பாட்டு ஒலித்தது. இளம் பாடகர் ஒருவர் வரியின் முடிவில் குரலை உடைத்து விம்மினார். என் கை முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பற்றியது.

1950களில் ராயக்கோட்டை நாடக மேடையில், ராஜா வேடமிட்ட அண்ணன் பாடியதும் அதே விம்மல்தான். கன்னட நாடகக் கம்பெனிப் பாடகர் ஒருவரின் இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டு அவன் எடுத்துக்கொண்ட குரல் அது. அன்று அந்தப் பாடகப் பெரியவரே முன்வரிசையில் வந்து அமர்ந்தார்.

“மாட்டிக்கினான் உங்க ராஜா!” என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார்.

“மெட்டத் திருடுனவன் கிரீடத்த மேடையிலயே கழட்டிப்புடுவாங்களே, சாமி” என்று முனகிய அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

பெரியவர் எழுந்து மேடையேறினார். ஆர்மோனியம் நின்றது. அண்ணனும் பாட்டை நிறுத்தினான். அவருடைய கை கிரீடத்தை நோக்கி நீண்டபோது நான் கண்களை மூடிக்கொண்டேன்.

“ஏனப்பா நிறுத்திட்டே?” என்றது காற்றாய்ப் போன ஒரு குரல். “என் தொண்டெ போயாச்சு. நீ பாடு, நான் கேக்கறேன்.”

கண் திறந்தேன். சரிந்திருந்த கிரீடத்தை அவர் நேராக்கிக்கொண்டிருந்தார்.

என் நிறுத்தம் வந்தது. அந்த இளைஞர் இன்னும் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்துவிடுமோ என்ற அச்சத்தில் நான் எழவில்லை.